உப்பு ஒத்தடம்

இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறவளுக்கு மார்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. டோல்கேட்டில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம்தான் என் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு திரைச்சீலை. அளவு கொடுக்க வருகிறவர்கள் திரைக்குப் பின்னால் நின்று முந்தானையை விலக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதை வாயைத் திறந்து சொல்லமாட்டேன். சின்னப் பக்கத்தில் டாட்டை, அதான் மார்புக்கு எடுப்பு வர மடித்துத் தைக்கிற பிடிப்பை, குறைத்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, உன் கை மாதிரி வராது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஊரார் மார்பையெல்லாம் அளந்தவள் என் மார்பை ஒழுங்காகத் தடவிப் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டபோது தீபாவளித் துணி குவிந்து கிடந்தது. பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பொங்கல் முடிந்தபோது அது புளியங்கொட்டையாக இல்லை. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, இடது மார்பை முழுசாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அவற்றில் நோய் இல்லை, கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டாம் என்றார்கள். எல்லாரும் நல்ல செய்தி என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர்ப் பக்கம் இருக்கிற யார்டில் கண்டெய்னரை ஏற்றி ஹார்பருக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஓட்டுவதைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம். ஒரு அடி நகரும், நிற்கும், மறுபடி ஒரு அடி நகரும். நாள் முழுக்க அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது. எழுதும்போது மரியாதையாக அவர் என்று எழுதுகிறேன். வீட்டில் நீ, வா, யோவ்தான்.

கல்யாணமான முதல் வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முதுகுக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பது என் வேலை. இரண்டு கை கல்லுப்பை இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க வேண்டும். படபடவென்று வெடித்து அடங்கியதும் பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, அந்த முடிச்சை முதுகில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். சூடு எவ்வளவு என்று யாரும் பார்க்கமாட்டோம். வைக்கிறவள் கேட்பாள், படுத்திருக்கிறவன் சொல்வான், அவ்வளவுதான் கணக்கு. தாங்குதா என்பேன். அதிகம் என்றால் அம்மாடி என்று நெளிவார். குறைந்துவிட்டால், இன்னா ஆறிப்பூட்சா என்பார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்களுக்குள் பேச்சே. பிள்ளை உண்டானதை அவரிடம் சொன்னது அப்போதுதான். கட்டி இருப்பதைச் சொன்னதும் அப்போதுதான். முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்குளிலிருந்து தொங்கிய குழாயில் வடிகிற நீரை அளந்து காகிதத்தில் எழுதி வைத்தார். இடது கையில் ஊசி போடவிடாதே, பிரஷர் பார்க்கவிடாதே என்று நர்ஸ் சொன்னதை எனக்கு முன்னால் அவர் சொல்வார். காய்கறிகூட நறுக்கினார். ஆனால் நான் ரவிக்கை மாற்றினால் டிவி பக்கம் திரும்பிவிடுவார். டிவி ஓடாவிட்டாலும் திரும்புவார். படுக்கும்போது இடது பக்கமிருந்து எழுந்து வலது பக்கம் வந்து படுத்தார். ஏன்யா என்றால், உனக்கு வலிக்கும் இல்ல என்றார். வலிதான் போயே போய்விட்டதே. அந்த இடம் முழுக்க மரத்துக் கிடந்தது, பலகையைத் தொடுகிற மாதிரி. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

எனக்கு அழகு வேண்டியிருக்கவில்லை. அந்த வயதைத் தாண்டிவிட்டேன். எனக்கு அவருடைய கை வேண்டியிருந்தது. அதை அன்றைக்கு யாரிடமும் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

முதலில் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். கடையில் கிடந்த வெட்டுத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன். மெஷின் மிதிக்க மிதிக்க அது மேலே ஏறித் தோளுக்கு வந்துவிடும். பேடு வைத்த ரவிக்கைதான் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், அந்தக் கப்பையே எடுத்து வைத்துப் பார்த்தேன். எடை இல்லை, ஒரு பக்கம் மிதக்கிறது. கடைசியில் கம்புத் தானியத்தை நிரப்பி ஒரு பை தைத்தேன். எடை சரியாக வந்தது, அசையவும் அசைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஐப்பசியில் மழை பிடித்ததும் வியர்வையிலும் ஈரத்திலும் ஊறி வாடை அடிக்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் நாலு கம்பு முளை விட்டிருந்தது. அதைக் குப்பையில் கொட்டிவிட்டு அன்றைக்கு முழுக்கக் கடையைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாதாமாதம் பார்க்கிற டாக்டர்தான் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவளைப் போய் அவள் என்று எழுதக் கூடாது, பொறுமையாக அரை மணி நேரம் எனக்குப் புரிகிற மாதிரி பேசியவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு வீட்டுக்காரருக்கு லோடு. நான் தனியாகத்தான் மெட்ரோ ஏறிப் போயிருந்தேன். அவர் கூட வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் உடம்பை வரைந்தார். முதலில் சொன்னது, எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான் என்று. பிராவுக்குள் வைத்துக்கொள்கிற சிலிக்கான் கிடைக்கும், பலபேர் அதோடு நிம்மதியாக இருக்கிறார்கள், யாருக்காகவும் ஆபரேஷன் பண்ணிக்கொள்ள வேண்டாம் என்றார். யாருக்காகவும் என்றபோது என் முகத்தைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

அடுத்தது, சொந்தச் சதையில் செய்வது. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மேலே வைத்து, ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக இணைப்பார்களாம். நாள் முழுக்கப் பிடிக்கும் ஆபரேஷன். ஆனால் இயற்கையாக இருக்கும், உடம்போடு சேர்ந்து இளைக்கும், பெருக்கும். டாக்டர் என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். துணி பத்தாது என்று நானே சொன்னேன். மருந்து ஏற்றியதில் நான் அப்படி உலர்ந்திருந்தேன்.

இன்னொன்று முதுகிலிருந்து எடுப்பது. முதுகின் பக்கவாட்டில் இருக்கிற அகலமான தசையைத் தோலோடு பெயர்த்து, அக்குள் வழியாக முன்பக்கம் கொண்டுவருவது. தேறிவிடும், ஆனால் எதையாவது பிடித்து இழுக்கும்போதும் தள்ளும்போதும் கொஞ்சம் பலம் குறையலாம் என்றார். என் இடது கை ஏற்கெனவே வீங்கிக் கிடந்தது. மெஷினில் துணியைத் தள்ளிக்கொடுப்பது அந்தக் கைதான். அது போனால் கடை போயிற்று. வேண்டாம் என்றேன்.

மிச்சம் இருந்தது பலூன். நெஞ்சுத் தசைக்கு அடியில் காலிப் பலூனை வைத்துவிட்டு, வாரக் கணக்கில் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியவைப்பது. போதுமான அளவு வந்ததும் பலூனை எடுத்துவிட்டு சிலிக்கான் வைப்பது. கரண்ட் வைத்திருந்தால் இது சிக்கல், இறுகிப்போகும், தோல் ஆறாது, உங்களுக்கு வைக்கவில்லை என்பதால் செய்யலாம் என்றார். எதைச் செய்தாலும் ஒரே ஆபரேஷனோடு முடியாது, இறுக்கம் வரலாம், சீழ் பிடிக்கலாம், பிற்பாடு மாற்ற வேண்டியும் வரலாம். எதையும் ஒளிக்கவில்லை.

எழுந்து வரும்போது, தொட்டால் தெரியுமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பார்க்கிறதுக்கு வரும்மா. உணர்ச்சி பெரும்பாலும் வராது. ஓரத்துல வேணா கொஞ்சம் வரலாம். முக்கியமா சூடு தெரியாது. அடுப்பு, வெந்நீர், இஸ்திரிப் பெட்டி எல்லாத்துலயும் ஜாக்கிரதையா இருக்கணும்."

இத்தனையும் காதில் விழுந்தது. வீடு வந்து சேரும்போது என்னிடம் இருந்தது, கொஞ்சம் வரலாம் என்கிற இரண்டே வார்த்தை. மார்பு வந்தால் உணர்ச்சியும் பின்னாலேயே வந்துவிடும் என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். சூடு பற்றி அச்சடித்துக் கொடுத்த தாளை மடித்து அளவு நோட்டுக்குள் வைத்தேன். வீட்டுக்காரரிடம், பழைய மாதிரியே வந்துடுமாம் என்று சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, உனக்கு வேணும்னா பண்ணிக்கோ, எனக்கு ஒண்ணும் கொறையா தெர்ல என்றார். குறையாகத் தெரியவில்லையாம். திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்.

பலூனை வைத்தார்கள். முதல் தடவை நீர் ஏற்றியபோது, ஊசி தோலுக்குள் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அது வேறு யாருடைய உடம்பிலோ போகிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உள்ளே தசை இறுகி வலிக்கும், விலா எலும்பு வலிக்கும், தோளைத் தூக்க முடியாது. மேலே தோலில் ஒன்றுமில்லை. நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் அழுத்துவேன். அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கலாம். இத்தனை அலைச்சலுக்கும் பிறகு, வாங்கியது வெறும் பொம்மை என்று எப்படிச் சொல்வது?

சிலிக்கான் வைத்துப் புண் ஆறியதும் முதன்முதலாக எனக்கு நானே டேப் வைத்து அளந்தேன். இடது பக்கம் கால் அங்குலம் கூட. அந்த வித்தியாசம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிற கால் அங்குலம். வலது பக்கம் டாட்டைக் குறைத்துப் பிடித்து மாம்பழ மஞ்சளில் ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். காலேஜிலிருந்து வந்த என் மகள் ஒரு சுற்றுச் சுற்றவைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியபடி வாசலிலிருந்து பார்த்தார். நல்லா கீது என்றார். அன்றைக்கு அவர் டிவி பக்கம் திரும்பவில்லை. ஆனால் கை வரவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.

இத்தனையும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகி, மறுபடி பொங்கல் சமயம். ராத்திரி பகலாகத் தைத்ததில் இடது தோளிலிருந்து நெஞ்சு வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து அவருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கும்போதெல்லாம் முனகியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் எழுந்து உட்கார்ந்து முடிச்சை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீ குந்து. நான் வெக்கிறேன்."

சமையலறைக்குப் போய் அவரே உப்பை மறுபடி வறுத்தார். அவருக்குப் பதம் தெரியாது. வெடித்து அடங்கிய பிறகும் அடுப்பை அணைக்கவில்லை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மெல்லிய துண்டை மேலே போட்டு முதலில் தோளில் வைத்தார். சுட்டுவிட்டது, தூக்கிப் போட்டது எனக்கு. அவர் பதறி முடிச்சை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஆற்றினார். ஊதினார். மறுபடி வைத்தபோது சரியாக இருந்தது. தோள், தோள்பட்டை, கழுத்தெலும்பு. எவ்வளவோ நாள் கழித்து அந்த வலி இளகியது. ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.

சூடு குறைந்ததும் எழுந்துபோய் மறுபடி வறுத்து முடிந்துகொண்டு வந்தார். இந்த முறை முடிச்சு கீழே இறங்கியது. என்னைப் பார்த்தார். நான் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினேன். அவர் இடது கையால் அந்த மார்பை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முடிச்சை மேலே வைத்தார். பச்சைக் குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"இன்னா, தாங்குதா?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கையும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. நான் குனிந்து அந்தக் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கை. அது அங்கே இருந்தது. அதற்காகத்தானே இவ்வளவும்.

"இதமா கீது. இன்னும் கொஞ்ச நேரம் வை" என்றேன்.

அவர் வைத்தார். இடையிடையே கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் இதமாக இருக்கிறது என்றேன். அழுதேன். வலி விட்டதில் அழுகிறேன் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம் அங்கேயே கையை வைத்துக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினார், கல்யாணத்துக்கு முன்னால் பேசின் பிரிட்ஜில் ரயில் சிக்னலுக்கு நின்றபோது இறங்கி ஓடி எனக்கு நுங்கு வாங்கி வருவதற்குள் ரயிலை விட்ட கதையை. பொய் சொன்னேன் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தேன். எலுமிச்சை அளவுக்கு வட்டமாகச் சிவந்து நடுவில் கொப்பளம். பார்த்ததுமே புரிந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருப்பார்கள். போனால் எப்படிச் சுட்டது என்று கேட்பார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். தன் கையால் என்பது தெரியும். நான் சொன்னது பொய் என்பதும் தெரியும். களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு துணி வைத்து மூடி மெஷினில் உட்கார்ந்தேன். எட்டு நாள் அப்படிப் போனது. அந்த எட்டு நாளும் அவர் என் இடது பக்கம் படுத்தார்.

கொப்பளம் உடைந்து தோல் கறுத்தது. துணி நனைய ஆரம்பித்தது. காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு, தையல் பிரிக்கிற பிளேடால் தெரியாமல் என் விரலை நானே கீறிக்கொண்டேன். மகள் ரத்தத்தைத் துடைக்க வந்தவள் முகம் சுளித்து, இன்னாம்மா வாடை என்றாள். தப்பிக்க வழியில்லை. அவிழ்த்துக் காட்டினேன். அவள் அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். கறுத்த தோல் பிளந்த இடத்தில் உள்ளே இருந்த சிலிக்கான் பளபளவென்று தெரிந்தது.  வீட்டுக்காரர் லாரியை யார்டிலேயே விட்டுவிட்டு வேர்த்து ஒழுகியபடி உள்ளே வந்து நின்றார். எப்படிச் சுட்டது என்று டாக்டர் கேட்டார். வெந்நீர் கொட்டிவிட்டது என்றேன். வெந்நீர் கொட்டினால் வழிந்த தடம் இருக்கும், இது வட்டமாக இருக்கிறதே என்றார். நான் கட்டிலின் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு ஒத்தடம் டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். "நான்தான் குட்தேன். எப்டி கீதுன்னு கேட்டு கேட்டுதான் வெச்சேன். இதமா கீதுன்னு சொல்லிச்சு."

"அந்த இடத்துல இவங்களுக்குச் சூடும் தெரியாது, ஜில்லும் தெரியாது. முதல் நாளே சொல்லியிருக்கேனே. உங்ககிட்ட சொல்லலியா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குக் கத்தத் தெரியும். அவர் கோபப்படவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அறுத்து எடுத்த நாளில்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைக்கே உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள். விரித்து விரித்துச் சேர்த்த தோலில் வெந்து கெட்டதை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்துத் தைத்தார்கள். மறுபடி தட்டை. முன்னே இருந்தது நேர்க்கோடு, இப்போது கோணல். ஆறி ஆறு மாதம் கழித்து முதுகுத் தசையை எடுத்து வைக்கலாம், உங்கள் சொந்தச் சதை என்பதால் தாங்கும், ஆனால் உணர்ச்சி அதிலும் இந்த மாதிரிதான் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை எல்லா வார்த்தையும் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆறு மாதம் முடிந்து இன்னொரு ஆறு மாதமும் ஆகப்போகிறது. போகவில்லை. சிலிக்கானை பிராவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். முதுகு வலி அதிகமாகி, வண்டியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடக்கிறார் என்று கூட ஓட்டுகிறவர் சொன்னார். ஒத்தடம் வைக்கவா என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரால் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. அப்படியே பாயில் குப்புறப் படுத்துவிட்டார். நான் போய் உப்பை வறுத்தேன். பழக்கம் விட்டுப்போனதில் பதம் தவறிவிட்டதோ என்னவோ, துணியில் முடிந்து முதுகில் வைத்தேன். எங்கள் வழக்கப்படி, தாங்குதா என்று கேட்டேன்.

"இதமா கீது" என்றார்.

அழுத்தி வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடி இதமா கீது என்றார். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நெளியாமல் இருந்த மனிதரில்லை அவர். எனக்குச் சந்தேகம் வந்து முடிச்சைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். முதுகில் நான் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. முடிச்சை என் முழங்கையில் வைத்துப் பார்த்தேன். அரை நொடி வைக்க முடியவில்லை. அவர் நெற்றியைத் தரையில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தார். அவர் முதுகு மரத்தது இல்லை, அதில் சூடு முழுக்கத் தெரியும்.

முடிச்சை வீசி எறிந்தேன். அது அவிழ்ந்து உப்பு தரையெல்லாம் சிதறியது. பைத்தியமாயா உனக்கு என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

"அன்னிக்கு நீ ஏன்மே சொல்லல?"

"சொன்னா நீ கைய எடுத்துடுவியேன்னுதான்யா."

 அவர் தோள் குலுங்கியது. நான் உப்பை மிதித்துக்கொண்டு போய்த் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவர் முதுகில் போட்டேன்.